33 சீசன், ஒரே பல்கலைக்கழகம்: பட் ஃபாஸ்டர் கடைசிவரை உதவிப் பயிற்சியாளராகவே இருந்தது ஏன்?

நீலமலை (வர்ஜீனியா)

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்று பேச்செடுத்தாலே இங்கே எல்லா இழையும் நிக் சேபன், கிர்பி ஸ்மார்ட், டேபோ ஸ்வினி என்று தலைமைப் பயிற்சியாளர்களிடமே போய் நிற்கிறது. அவர்களுக்குக் கீழே இருந்து அணியை உருவாக்கியவர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்க்கவில்லை. நான் வர்ஜீனியா டெக்கில் படித்தவன். அங்கே அப்படி ஒருவர் இருந்தார்.

பட் ஃபாஸ்டர், 1959இல் கென்டக்கியில் பிறந்து இல்லினாயில் நோகோமிஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். மர்ரி ஸ்டேட் அணியில் ஆடினார். அப்போது அங்கே டிஃபென்ஸை, அதாவது எதிரணியைத் தடுக்கும் பிரிவை, கவனித்தவர் ஃபிராங்க் பீமர். 1981இல் பீமர் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் ஃபாஸ்டரைப் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1987இல் பீமர் தான் படித்த வர்ஜீனியா டெக்குக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். லைன்பேக்கர்களுக்கு (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) பயிற்சி கொடுக்க ஃபாஸ்டரும் கூடவே அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பிளாக்ஸ்பர்க் ஊருக்கு வந்துசேர்ந்தார். 2019 சீசன் முடிந்து ஓய்வு பெறும்வரை அந்த ஊரைவிட்டு அவர் நகரவில்லை.

ஆரம்பம் நன்றாக இல்லை. 1992இல் அணி 2 வெற்றி, 8 தோல்வி, 1 டிரா. பீமரின் வேலை தப்பியது. ஆனால் அவருடைய உதவியாளர்கள் பலருடைய வேலை தப்பவில்லை. ஃபாஸ்டர் தங்கினார். 1993இல் ஃபில் எல்மாசியன் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக (டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பான உதவிப் பயிற்சியாளராக) வந்து ஆட்டமுறையையே மாற்றினார். அங்கேயே ஆறு ஆண்டு அனுபவம் இருந்தும் ஃபாஸ்டர் அவருக்குக் கீழே இருந்து அந்த முறையைக் கற்றார். 1995இல் எல்மாசியன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, ஃபாஸ்டரும் ராட் ஷார்ப்லெஸும் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. அடுத்து வரிசையாகப் பத்து வெற்றி, அதில் கடைசியாக சுகர் பௌலில் (பௌல் என்பது சீசன் முடிவில் தேர்ந்தெடுத்த அணிகள் மோதும் சிறப்பு ஆட்டம்) டெக்சாஸை 28-10 என்று வீழ்த்தினார்கள். 1996 முதல் டிஃபென்ஸ் முழுக்க ஃபாஸ்டர் கையில்.

1993 முதல் 2019 வரை ஒரு ஆண்டுகூட விடாமல் 27 முறை அணி பௌல் ஆட்டத்துக்குப் போனது. இடையில் 2015இல் பீமர் ஓய்வு பெற்றார். புதிதாக வருகிற தலைமைப் பயிற்சியாளர் பழைய ஆட்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவருவதுதான் வழக்கம். ஜஸ்டின் ஃபுவென்டே அப்படிச் செய்யவில்லை. ஃபாஸ்டரை விடக்கூடாது என்று முடிவு செய்துதான் உள்ளேயே வந்தார்.

தலைமைப் பயிற்சியாளர் வேலைகளுக்கு அவர் பெயர் ஆண்டுதோறும் அடிபட்டது. அவர் எங்கும் போகவில்லை. இதை ஒரு குறையாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் குறையாகத் தெரியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச் (மதுரை)

அண்ணே, நான் இந்த ஆட்டத்தை இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். அடிப்படைக் கேள்வி. உதவிப் பயிற்சியாளர்னா ஒரு அணிக்கு எத்தனை பேர்? டிஃபென்ஸ் முழுக்க இவர் கையில்னா, தலைமைப் பயிற்சியாளருக்கு அப்புறம் என்ன வேலை?

---

நீலமலை

நல்ல கேள்வி தம்பி. மைதானத்தில் இறங்கிப் பயிற்சி தர, தலைமைப் பயிற்சியாளரைத் தவிர ஒன்பது பேருக்குத்தான் ரொம்ப காலம் அனுமதி. 2018 ஜனவரியில் பத்தாக்கினார்கள். 2024இல் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையே தளர்த்திவிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு: குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), முன்வரிசை, லைன்பேக்கர் என்று. அவர்களில் இருவர் கோஆர்டினேட்டர்கள், ஒருவர் ஆஃபென்ஸுக்கு (பந்தோடு முன்னேறும் பிரிவு), ஒருவர் டிஃபென்ஸுக்கு. எதிரணி ஒவ்வொரு முறை பந்தை எடுத்து நிற்கும்போதும், அடுத்த சில நொடியில் நம் பதினோரு பேர் எப்படி நிற்க வேண்டும், யார் பாய வேண்டும், யார் பின்வாங்க வேண்டும் என்று உத்தரவு கொடுப்பது டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். ஒரு ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவை அந்த முடிவை எடுக்க வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளருக்கு அணியின் மொத்தப் பொறுப்பு. மாணவர் சேர்ப்பு, நன்கொடையாளர்கள், பத்திரிகைக்காரர்கள், ஒழுங்கு நடவடிக்கை, நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில்) உதைப்பதா ஓடுவதா என்ற முடிவு எல்லாம் அவர் தலையில். பீமர் ஸ்பெஷல் டீம்ஸை (உதைக்கும் ஆட்டங்களுக்கான குழுக்களை) தானே எடுத்துச் செய்தார். உதையைத் தடுத்து ஜெயிக்கும் அந்த ஆட்டத்துக்கு 'பீமர்பால்' என்றே பெயர். டிஃபென்ஸ் பக்கம் அவர் தலையிட்டதே குறைவு. ஃபாஸ்டர் அங்கேயே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

---

நெய்தல் (டெக்சாஸ்)

இந்த வேலையின் அடிப்படியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். படிக்கும் காலத்தில் எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் அலுவலகத்தில் வீடியோ பிரிவில் பகுதிநேரமாக இருந்தேன்.

பெரும்பாலான பயிற்சியாளர்கள் கிராஜுவேட் அசிஸ்டன்ட் வேலையில்தான் தொடங்குகிறார்கள். எல்லோரும் சுருக்கமாக ஜிஏ என்பார்கள். முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, கையில் ஒரு சிறு உதவித்தொகை. வேலை காலை இருட்டில் தொடங்கும். சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிறு காலையே அடுத்த எதிரணியின் வீடியோ வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் எத்தனாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம், ரிசீவர்கள் எப்படி நின்றார்கள், யார் இடம் மாறினார்கள் என்று ஒன்றுவிடாமல் பதிய வேண்டும். இந்த அணி மூன்றாவது டவுனில் நான்கு யார்டு பாக்கி என்றால் என்ன செய்யும் என்று கோஆர்டினேட்டர் புதன்கிழமை கேட்கும்போது பதில் அந்தப் பதிவிலிருந்துதான் வரும்.

அடுத்து அட்டை வரைவது. எதிரணி ஆடுவதுபோல ஆடிக்காட்ட நம் அணியிலேயே ஒரு குழு இருக்கும், ஸ்கவுட் டீம் என்பார்கள். அவர்களுக்கு எதிரணியின் ஆட்டம் தெரியாது. ஜிஏ பெரிய வெள்ளை அட்டையில் தடித்த மார்க்கரால் ஆஃபென்ஸுக்கு வட்டம் வட்டமாகப் போட்டு, யார் எங்கே ஓட வேண்டும் என்று அம்புக்குறி இழுத்துவைப்பார். பயிற்சியில் அந்த அட்டையைத் தலைக்கு மேலே பிடிப்பார். பசங்கள் பார்த்துவிட்டு அப்படியே ஓடுவார்கள். அடுத்த அட்டை. ஒரு வட்டத்தை ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டால் நம் லைன்பேக்கர் தப்பான இடத்தில் நின்று பழகிவிடுவான். அந்தத் தப்பு சனிக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் வெளியே வரும். நள்ளிரவு தாண்டியும் அட்டைகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த ஜிஏக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவனம் இல்லாதவர்கள் இரண்டு ஆண்டில் வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள்.

இதற்குப் பிறகுதான் ஊர் ஊராக அலைவது தொடங்கும். ஃபாஸ்டரிடமே ஜிஏவாக இருந்தவர் பிரென்ட் பிரை, 1995 முதல் 1997 வரை. அதன்பின் வெஸ்டர்ன் கரோலைனா, லூசியானா-லஃபாயெட், மெம்ஃபிஸ், ஜார்ஜியா சதர்ன், வாண்டர்பில்ட், பென் ஸ்டேட். ஒவ்வொரு ஊரிலும் புது வீடு, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். சாதாரணமாக ஒரு உதவிப் பயிற்சியாளரின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும். ஃபாஸ்டர் அரிதான விதிவிலக்கு.

---

செம்மண் (அலபாமா)

நீலமலை அண்ணா, நீங்கள் சொல்வதில் ஒரு பாதி எனக்கு ஒப்புதல். இன்னொரு பாதியைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது.

"கடைசிவரை உதவிப் பயிற்சியாளராகவே இருந்தார்" என்று பெருமையாகச் சொல்லும்போது, மேலே போக ஆசையும் தகுதியும் இருந்தும் கதவு திறக்காதவர்களும் அதே வரிக்குள் வந்துவிடுகிறார்கள். சில்வெஸ்டர் குரூமை எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமாவில் 1974இல் ஆல்-அமெரிக்கன் சென்டர். பேர் பிரையன்ட்டிடம் ஆடியவர், பிறகு அவரிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். 1987க்குப் பிறகு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் அணிகளில் ஆண்டாண்டாக உதவிப் பயிற்சியாளர். 2003இல் அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானபோது அவரும் போட்டியில் இருந்தார். வேலை மைக் ஷூலாவுக்குப் போனது. குரூமைவிட வயதிலும் பயிற்சி அனுபவத்திலும் ஷூலா மிகவும் இளையவர்.

அதே ஆண்டு டிசம்பரில் மிசிசிப்பி ஸ்டேட் குரூமை எடுத்தது. எஸ்இசி என்ற அந்தப் பெரிய கூட்டமைப்பின் வரலாற்றில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். ஆண்டைக் கவனியுங்கள், 2003. மைதானத்தில் ஆடுகிறவர்களில் பெரும்பகுதி கறுப்பின மாணவர்களாக ஆகி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சார்லி ஸ்ட்ராங் இன்னொருவர். ஃப்ளோரிடா டிஃபென்ஸை நடத்தி 2006, 2008 இரண்டு தேசிய சாம்பியன் பட்டங்களுக்குக் காரணமானவர். தலைமைப் பயிற்சியாளர் வேலை லூயிவில்லில் கிடைத்தது 2009 டிசம்பரில். அவர் தங்கியதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தகுதிக்கேற்ற அழைப்பு வரத் தாமதமானது, அவ்வளவுதான்.

---

நீலமலை

செம்மண், இதைச் சொன்னதற்கு நன்றி. இந்த இழையில் இது இருக்கவேண்டியதுதான். ஃபாஸ்டர் ஒவ்வொரு ஆண்டும் போகலாமா இருக்கலாமா என்று தானே தீர்மானித்தார். குரூமுக்குத் தீர்மானிக்கும் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசமாட்டேன்.

நான் வாதாடுவது வேறு இடத்தில். விருப்பப்பட்டு அந்த வேலையிலேயே இருந்தவரை 'மேலே போகாதவர்' என்ற கணக்கில் எழுதுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. டிஃபென்ஸ் நடத்துவது ஒரு தொழில், அணியை நிர்வகிப்பது இன்னொரு தொழில். முதல் தொழிலில் உச்சத்தில் இருப்பவன் இரண்டாவது தொழிலுக்குப் போயே ஆகவேண்டும் என்று என்ன கட்டாயம்?

---

பொன்னி (கொலம்பஸ், ஒஹாயோ)

நான் ஒஹாயோ ஸ்டேட் ஆள். ஃபாஸ்டர் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். 2014 செப்டம்பர் 6 இரவு எங்கள் மைதானத்தில் நடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டில் தோள்பட்டை அடிபட்டு அந்த சீசன் முழுக்க இல்லை. ஜே.டி. பேரட் என்ற இளைஞனுக்கு அது இரண்டாவது ஆட்டம். ஃபாஸ்டர் அன்றைக்கு 'பேர்' (கரடி) என்ற முன்வரிசையைக் கொண்டுவந்தார். ஆட்டம் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக விளக்குகிறேன். ஆஃபென்ஸ் முன்வரிசையில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டாக்கிள். வழக்கமாக சென்டரும் கார்டும் சேர்ந்து ஒரு டிஃபென்ஸ்காரனைத் தள்ளிவிட்டு, அவர்களில் ஒருவர் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்மேல் ஏறுவார். பேர் முறையில் சென்டர், இரண்டு கார்டு மூவருக்கும் நேர்முன்னால் ஒவ்வொரு ஆள். யாரும் யாருக்கும் உதவ முடியாது. லைன்பேக்கர்கள் கைபடாமல் வந்து விழுவார்கள். நடுவில் ஓட்டமே கிடையாது.

ஆனால் அதற்கு விலை உண்டு. அத்தனை பேரை முன்னால் குவித்தால் பின்னால் காவல் இல்லை. கார்னர்பேக்குகள் (ரிசீவரைக் காப்பவர்கள்) தனியாளாக ரிசீவரைக் காக்க வேண்டும், ஒரு தடவை தவறினால் டச்டவுன்தான். அனுபவமில்லாத குவார்ட்டர்பேக்கைப் பார்த்து, "நீ தூக்கிப் போட்டு ஜெயி, பார்க்கலாம்" என்று ஃபாஸ்டர் சவால் விட்டார். நாங்கள் அந்த முறைக்குத் தயாராக இல்லை. பேரட் 29 முறை எறிந்து 9தான் போய்ச் சேர்ந்தது. மூன்று இண்டர்செப்ஷன், அதாவது எறிந்ததை எதிரணி பறித்தது. ஏழு முறை சாக், அதாவது எறியும் முன்பே கீழே தள்ளினார்கள். பின்பாதியில் 21-21 என்று சமன்செய்தோம். அதற்குமேல் முடியவில்லை. கடைசி நிமிடத்தில் டோனோவன் ரைலி பந்தைப் பறித்து 63 யார்டு ஓடி முடித்தார். 35-21.

அந்த சீசனில் நாங்கள் தோற்றது அந்த ஒரு ஆட்டம்தான். அலபாமாவையும் ஒரேகனையும் வென்று முதல் பிளேஆஃப் தேசியப் பட்டத்தை எடுத்தோம். அத்தனை பெரிய அணிகளில் எங்களை நிறுத்த வழி கண்டவர் ஒரு உதவிப் பயிற்சியாளர். எதிரியாக இருந்தாலும் மரியாதை செய்கிறேன்.

---

நீலமலை

பொன்னி அக்கா, அதே சீசனின் இன்னொரு ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நவம்பர் 22, வேக் ஃபாரஸ்ட். நான்கு கால்பகுதி முழுக்க ஃபாஸ்டரின் டிஃபென்ஸ் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. எங்கள் ஆஃபென்ஸும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 0-0. இரண்டாவது ஓவர்டைமில் 6-3 என்று தோற்றோம். ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்திய அணி அந்த ஆண்டை 7-6 என்று முடித்தது.

பாதி மைதானம்தான் இவர் கையில். மறுபாதி என்ன செய்கிறது என்று ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை ஏற்றுக்கொள்ளும் மனது எல்லோருக்கும் வராது.

---

கடைசிபெஞ்ச்

அப்ப நல்ல கோஆர்டினேட்டர் தலைமைக்குப் போனா சோபிக்கமாட்டாரா? அப்படி யாராவது இருக்காங்களா அண்ணே?

---

நீலமலை

இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் தம்பி. கிர்பி ஸ்மார்ட் அலபாமாவில் 2008 முதல் 2015 வரை டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். ஜார்ஜியாவுக்குப் போய் 2021, 2022 இரண்டு ஆண்டும் பட்டம் எடுத்தார். சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் பிராய்ல்ஸ் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். ஸ்மார்ட் அதை 2009இல் வாங்கினார், ஃபாஸ்டர் 2006இல் வாங்கினார்.

மறுபக்கம் நார்ம் சௌ. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டு. ஸ்டீவ் யங், டை டெட்மர் எல்லாம் அவரிடம் ஆடிய குவார்ட்டர்பேக்குகள். பிறகு யுஎஸ்சியில் கார்சன் பால்மர். 2002 பிராய்ல்ஸ் விருதும் அவருக்குத்தான். தலைமைப் பயிற்சியாளர் வேலை 65 வயதில் ஹவாயில் கிடைத்தது. நான்காவது சீசன் நடுவில் 10 வெற்றி, 36 தோல்வியோடு வெளியேற்றப்பட்டார். எறியும் ஆட்டத்தை அவரளவு அறிந்தவர்கள் மிகக் குறைவு. அந்த அறிவு ஹவாயில் போதவில்லை. பண வசதி குறைந்த அணி, மாணவர் சேர்க்கவே கடல் தாண்டிப் பறக்கவேண்டிய இடம்.

ஃபாஸ்டரோடு ஒப்பிட எனக்குப் பிடித்தவர் மிக்கி ஆண்ட்ரூஸ். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் பாபி பௌடனுக்குக் கீழே 1984 முதல் 2009 வரை டிஃபென்ஸை நடத்தினார். முதல் பிராய்ல்ஸ் விருது அவருக்கு. முன்பு சிறு கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டுத்தான் உதவியாளர் வேலைக்கு வந்தார். பௌடனோடேயே ஓய்வும் பெற்றார்.

ஃபாஸ்டரும் ஆண்ட்ரூஸும் தேசியப் பட்டத்துக்காகவே நேருக்கு நேர் நின்றார்கள், 2000 ஜனவரி 4, நியூ ஆர்லியன்ஸ் சுகர் பௌல். எங்கள் பக்கம் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த சீசனில் நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளி கொடுத்த டிஃபென்ஸ் ஃபாஸ்டருடையது. அதில் ஆடிய கோரி மூர் அந்த ஆண்டு நகுர்ஸ்கி, லொம்பார்டி இரண்டு விருதும் வாங்கியிருந்தார். 28-7 என்று பின்தங்கி, மூன்றாவது கால்பகுதி முடிவில் 29-28 என்று முன்னால் வந்தோம். கடைசிக் கால்பகுதியில் அவர்களுடைய ரிசீவர் பீட்டர் வாரிக்கை நிறுத்த முடியவில்லை. 46-29. பட்டத்துக்கு ஃபாஸ்டர் அவ்வளவு அருகில் வந்தது அந்த ஒரு முறைதான்.

---

செம்மண்

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) தன் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் டேவ் அராண்டாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. பல தலைமைப் பயிற்சியாளர்களின் சம்பளத்தைவிட அது அதிகம். ஆகவே இன்றைக்கு கோஆர்டினேட்டராகவே இருப்பது தியாகம் அல்ல. பெரிய பல்கலைக்கழகம் என்றால் வசதியான வாழ்க்கைதான்.

ஆனால் பிரிவுப் பயிற்சியாளர்கள் அப்படி இல்லை. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தெருவில். இன்று இத்தனை புகழோடு இருக்கும் டேபோ ஸ்வினியே அலபாமாவில் உதவியாளராக இருந்தபோது, 2000 சீசனில் குழு மொத்தமாக வெளியேற்றப்பட்டது. இரண்டு ஆண்டு வணிகக் கட்டட வியாபாரத்தில் இருந்தார். 2003இல் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கிளெம்சன் கூப்பிட்டது. 2008 அக்டோபரில் தலைமைப் பயிற்சியாளர் நடுவில் விலக, கோஆர்டினேட்டராகக்கூட இருந்திராத ஸ்வினியிடம் அணியைக் கொடுத்தார்கள். கிளெம்சனிலிருந்து அந்த அழைப்பு வராமல் போயிருந்தால் அவர் கட்டட வியாபாரத்திலேயே இருந்திருப்பார். அப்படிப் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரிடமும் கணக்கு இல்லை.

---

கொங்கு (கோபிசெட்டிபாளையம்)

வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இங்கே எழுதியதில்லை. இந்த ஆட்டம் எனக்குத் தெரியாது. வர்ஜீனியா டெக் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கோவை பி.எஸ்.ஜி.யில் படித்து, கான்பூர் ஐஐடி, பர்டூ என்று போய் அங்கே நீரியல் சொல்லிக்கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16 அன்று நாரிஸ் ஹாலில் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் பக்கம் முழுக்க அதே பேச்சு. அந்த அணிக்காரர்கள் அன்று பலியானவர்களை ஏதாவது விதத்தில் நினைவு வைத்திருந்தார்களா?

---

நீலமலை

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நினைவு வைத்திருந்தார்கள். அதைச் சொல்ல முதலில் ஒரு டப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1995இல் ஃபாஸ்டரும் ஷார்ப்லெஸும் டிஃபென்ஸுக்கு ஒரு அடையாளம் தேடினார்கள். ஷார்ப்லெஸின் மாமியார், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் பயன்படுத்திய சாப்பாட்டு டப்பாவை வாங்கிக் கொடுத்தார். அடிபட்டு நசுங்கின தகர டப்பா. பிளாக்ஸ்பர்க்குக்கு மேற்கே போனால் எல்லாம் நிலக்கரி மலைகள்தான். அந்தக் குடும்பங்களிலிருந்து வந்து ஆடிய பையன்களுக்கு அந்த டப்பா என்ன என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. தினம் வேலைக்குப் போ, கூலிக்கு உழை என்பதுதான் அதன் பொருள். அணியின் இலக்குகளை எழுதி, டிஃபென்ஸ் வீரர்கள் கையெழுத்துப் போட்டு உள்ளே வைப்பார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு வீரர் அதைச் சுமந்து மைதானத்துக்குள் வருவார். ஓரத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் அது இருக்கும்.

2007க்குப் பிறகு அந்த டப்பாவுக்குள், அந்தத் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட 32 பேரின் பெயர்களும் இருந்தன. லோகநாதன் ஐயாவின் பெயரும் அதில் ஒன்று. அந்த ஆண்டின் முதல் ஆட்டம் செப்டம்பர் 1, ஈஸ்ட் கரோலைனாவுக்கு எதிராக எங்கள் லேன் ஸ்டேடியத்தில். 17-7 என்று வென்றோம். நான் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்க அழுதுகொண்டே கைதட்டியதை அந்த ஒரு நாள்தான் பார்த்தேன்.

---

கொங்கு

கேட்டதும் மனது கனத்துவிட்டது தம்பி. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

---

நெய்தல்

கடைசி சீசன் எப்படிப் போனது? செய்திகளில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன்.

---

நீலமலை

2019 ஆகஸ்ட் 1 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டார். செப்டம்பரில் டியூக் எங்கள் ஊருக்கே வந்து 45-10 என்று அடித்துவிட்டுப் போனது. இவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே பலர் எழுதினார்கள். நவம்பரில் நிலைமை திரும்பியது. ஜார்ஜியா டெக்கை 45-0, அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்கை 28-0. அந்த பிட் ஆட்டம்தான் லேன் ஸ்டேடியத்தில் அவருடைய கடைசி ஆட்டம். எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் அந்த மைதானத்திலிருந்து இறங்கினார்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியிடம் 39-30 என்று தோற்றோம், அவர்களிடம் 15 ஆண்டாகத் தோற்காமல் இருந்தது அன்றோடு போனது. டிசம்பர் 31 பெல்க் பௌலில் கென்டக்கியிடம் 37-30. கடைசி 15 நொடி இருக்கும்போது டச்டவுன் விட்டோம். ஃபாஸ்டர் உத்தரவு கொடுத்து நடத்திய கடைசி டிஃபென்ஸ் அதுதான். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அவருக்குப் பின் ஜஸ்டின் ஹாமில்டன் வந்தார், எங்கள் அணியிலேயே ஆடியவர். 2021 நவம்பரில் ஃபுவென்டேயும் போனார். அப்புறம் தலைமைப் பயிற்சியாளராக வந்தது யார் தெரியுமா? நெய்தல் சொன்ன அதே பிரென்ட் பிரை. டப்பா வந்த 1995இல் ஜிஏவாக இருந்தவர். அத்தனை ஊர் சுற்றி, பழைய இடத்துக்கே தலைவராகத் திரும்பினார். 2025 செப்டம்பரில், சீசனின் முதல் மூன்று ஆட்டமும் தோற்றதும் நீக்கிவிட்டார்கள்.

---

செம்மண்

பிரை பென் ஸ்டேட்டில் டிஃபென்ஸ் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல கை. அவரைக் கோஆர்டினேட்டராக வைத்திருக்கும் அணி பிழைக்கும். குரூமும் 2007இல் எஸ்இசியின் சிறந்த பயிற்சியாளர் என்று பெயரெடுத்து, அடுத்த ஆண்டு 4-8 என்றதும் விலகவேண்டி வந்தது. பிறகு என்எஃப்எல்லில் மறுபடி ரன்னிங்பேக் பயிற்சியாளர் ஆனார். இறங்கிப் போவது என்று யாரும் அதைச் சொல்லக்கூடாது.

---

கடைசிபெஞ்ச்

அண்ணே, ஃபாஸ்டரோட டிஃபென்ஸைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எது?

---

பொன்னி

எங்கள் தோல்வியைத்தான் பார்க்கணும் தம்பி, 2014. முதல் பாதி போதும். ஒவ்வொரு முறையும் பந்து கிளம்பும் முன் நிறுத்திவிட்டு, எங்கள் சென்டருக்கும் இரண்டு கார்டுக்கும் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து பின்னால் சேஃப்டிகள் (கடைசிக் காவலாக நிற்பவர்கள்) எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று டிரைவ் (ஒரு அணி பந்தை வைத்து ஆடும் ஒரு தொடர்) அப்படிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

---

நீலமலை

அதையே நானும் சொல்வேன். அது முடிந்ததும் 2019 பிட் ஆட்டம். அதில் டீவிக்காரர்கள் ஓரத்தில் இருக்கும் டப்பாவையும் அவரையும் அடிக்கடி காட்டுவார்கள். தம்பி, பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் டிரைவ் டிரைவாகப் பேசலாம்.